தாங்கும் என்று சொன்னவள்

ஓசூர் சிப்காட்டில் ஜெபசீலி வேலை பார்க்கிற கம்பெனிக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் முன்னால் நிற்கிற லாரி நகர வேண்டும். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி அங்கே தயாராகிறது. தயாராகிறது என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தைதான். எங்கிருந்தோ அட்டைப்பெட்டியில் சர்க்யூட் பலகைகள் வந்து இறங்கும். அதைத் தகரக் கூட்டுக்குள் வைத்துத் திருகு முடுக்கி, ஒரு விசிறியை மாட்டி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். 450 வாட்ஸ், 500 வாட்ஸ், 600 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் சுருளில் மூன்று வகை உண்டு. உள்ளே இருக்கிற சரக்கில் வகை கிடையாது. ஆர்டர் எப்படியோ அப்படி வாட்ஸ்.

லைனின் கடைசி மேஜை ஜெபசீலியுடையது. வருகிற பீஸை டெஸ்ட் மெஷினில் மாட்டி, லோடு ஏற்றி, அதாவது அதிலிருந்து கரண்டை இழுக்கவைத்துப் பார்த்து, நின்று ஓடினால் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அதன் மேல் பேனாவால் ‘ஜெ’ என்று போடுவாள். அதற்கு ‘குவாலிட்டி’ என்று பெயர். ஊரில், நாசரேத்தில், அவளுடைய நாத்தனார்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கம்ப்யூட்டர் கம்பெனியில் குவாலிட்டி என்பாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கம்பெனி பஸ் ஓட்டுகிற பிரகாசத்தைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து, லைனில் திருகு முடுக்குகிறவளாகச் சேர்ந்து, கடைசி மேஜைக்கு ஏறியவள். நிமிரட்டும், யார் வேண்டாம் என்றது.

ஆரம்பத்தில் அவள் முழு லோடு ஏற்றித்தான் பார்த்தாள். சரக்கு மாறி, பீஸ்கள் மேஜையிலேயே புகைய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் பிரதாப் வந்து யோசித்தார். சரக்கை மாற்றச் சொல்வார் என்று அவள் நினைத்தாள். அவர் மெஷினின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப முடியாதபடி ஒரு திருகை அடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு எந்தப் பீஸும் புகையவில்லை. அந்த வருடம் ஆயுத பூஜையில் முதலாளி மைக்கைப் பிடித்து, ரிஜெக்‌ஷன் குறைந்ததற்கு ஜெபசீலியின் கைராசிதான் காரணம் என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆயுத பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்த பிறகு லைன் தொடங்கும்போது முதல் பீஸுக்கு சுவிட்ச் போட ஜெபசீலியைத்தான் கூப்பிடுவார்கள். “கிறிஸ்டியன் கையா இருந்தா என்ன, ராசியான கை” என்று தரை கூட்டுகிற நாராயணம்மா தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லுவாள். அன்றைக்கு எல்லோருக்கும் தங்கக் காகிதம் சுற்றி ஒரு பரிசு. பக்கத்துக் கம்பெனிகளில் குக்கரும் ஹாட்பாக்ஸும் கொடுப்பார்கள். இங்கே இவர்கள் செய்த பவர் சப்ளையையே ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள்.

அடுத்து வந்தது எடை. பெங்களூர் மொத்தக் கடைக்காரர்கள் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனமாக இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது, நல்ல பீஸ். லேசாக இருந்தால் தகர டப்பா. நியாயமான பரிசோதனைதான். முதலாளிக்கும் அது தெரிந்துவிட்டது. தகடு வெட்டுகிற பக்கத்துப் பிரஸ் ஷாப்பில் கழிவாக விழுகிற இரும்புத் தகட்டுத் துண்டுகள் ஒரு டிரேயில் வந்து இறங்கின. பெட்டியின் அடியில் ஒரு துண்டை வைத்து இரண்டு திருகு முடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தத் துண்டு எந்தக் கரண்டையும் தொடாது, எந்தச் சூட்டையும் வாங்காது, கனமாக மட்டும் இருக்கும். முதல் நாள் லைனில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. பழகிப்போச்சு.

ஜெபசீலிக்கு ஒரே மகள், டெல்பின். பி.எஸ்சி. படித்துவிட்டு சூளகிரிப் பக்கம் போன் பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனியில் லைனில் நிற்கிறாள். தொப்பி, முகமூடி, கையுறை. இரண்டு கண்கள்தான் வெளியே தெரியும். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது தூக்கம், இறங்கும்போது தூக்கம். ஆனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாளென்றால் வேறு ஆள். உருவங்களைச் செய்து, எலும்பு கொடுத்து, நடக்கவைத்து, அவற்றின் முகத்தில் வெயில் விழவைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் படித்தது. மழைக்கு ஒதுங்கிய ஒரு கிழ நாயும் ஒரு செக்யூரிட்டியும் ஒரே குடைக்குள் நிற்கிற ஒரு துண்டுப் படம் அவள் செய்ததுதான். பெங்களூரில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ அதன் முதல் பாதியைப் பார்த்துவிட்டு, முழுவதும் முடித்து இரண்டு வாரத்தில், திங்கட்கிழமைக்குள் அனுப்பு, நன்றாக இருந்தால் வேலை என்று சொல்லிவிட்டது.

அவளுக்கு அது ஒன்றே வாசல். லைனை விட்டு வெளியே போக வேறு வழி கிடையாது, அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு நொடிப் படம் வெளிவர ஒரு பகல் ஆனது. சொன்ன நாளுக்குள் முடிக்க, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நடக்காது. சம்பளத்தில் சேர்த்ததையெல்லாம் துடைத்து, பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற கார்டு ஒன்றை வாங்கிவந்தாள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

கார்டுக்குத் தனியாகக் கரண்டு வேண்டும். வீட்டில் இருந்த பவர் சப்ளையில் அதற்கான வயர் இல்லை. அந்தப் பவர் சப்ளை ஆயுத பூஜைப் பரிசு. தங்கக் காகிதத்தின் பசை இன்னும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பாகலூர் ரோட்டில் வெங்கடசாமியின் கம்ப்யூட்டர் கடைக்கு அம்மாவும் மகளும் போனார்கள். இருக்கிற வயரை மாற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர் ஒன்று போதும் என்று டெல்பின் கேட்டாள். பெட்டியையும் கழற்றி எடுத்து வந்திருந்தாள், வயர் பொருந்துகிறதா பார்க்க.

வெங்கடசாமி பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு டெல்பினைப் பார்த்தார்.

“இந்த டப்பாவுலயாம்மா கார்ட போடப் போற? இது ஆபீஸ்ல பில்லு அடிக்கிற சிஸ்டத்துக்கு ஓடும். கார்டுக்கு வயரே இல்லாம வருதுன்னாலே, தாங்காதுன்னு அவனே சொல்றான்னு அர்த்தம். வேற நல்லதா ஒண்ணு போட்டுக்க.”

“அங்கிள், இது எங்கம்மா கம்பெனி பீஸ்” என்றாள் டெல்பின். “எங்கம்மாதான் டெஸ்ட் பண்றாங்க. ஐந்நூறு வாட்ஸ். தூக்கிப் பாருங்க, எவ்ளோ வெயிட்டா இருக்கு.”

சின்ன வயதிலிருந்து அம்மா வாயால் கேட்டுக் கேட்டுப் பழகிய பாடம் அது. நல்ல பீஸைக் கையில் தூக்கினாலே தெரியும். இரும்புத் துண்டு வருவதற்கு முந்தின காலத்துப் பாடம். துண்டு வந்த பிறகு அந்தப் பாடத்தைத் திருத்த ஜெபசீலிக்கு வாய் வரவில்லை.

வெங்கடசாமி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஓரமாக உதட்டைச் சுழித்துச் சிரித்தார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மகள் அம்மா பக்கம் திரும்பி, “நீயே சொல்லும்மா, தாங்குமா தாங்காதா?” என்று கேட்டாள்.

தாங்காது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் மகள் கார்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, எங்காவது புரட்டி ஒரு நல்ல பெட்டி வாங்கியிருப்பாள். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஜெபசீலியின் குவாலிட்டியும் ‘ஜெ’ என்ற கையெழுத்தும் கைராசியும் வெங்கடசாமியின் கண்ணாடி மேஜை மேல் குப்புற விழுந்திருக்கும், மகள் கண் முன்னால்.

“தாங்கும்ட்டி” என்றாள் ஜெபசீலி. “நாங் கையெழுத்துப் போட்ட பீஸ்லா.”

வெங்கடசாமி கன்வெர்ட்டர் வயரை எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் வியாபாரிக்கு என்ன வந்தது.

கார்டு ஓடியது. முதல் நாள் டெல்பின் அம்மாவைக் கட்டிப்பிடித்து, ஒரு பகல் எடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்று குதித்தாள். ஜெபசீலி போய் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். கொதித்தது. பாதி லோடுக்கு மேல் பார்க்காத பெட்டி, இப்போது முழு லோடில் மூச்சு வாங்குகிறது என்று அவள் கைக்குத் தெரிந்தது. வெளியே சொன்னது, “மூடியக் கழத்திப் போடுட்டி, காத்து போகட்டும்” என்பது மட்டும்தான். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தூக்கிக் கம்ப்யூட்டருக்கு நேராக வைத்தாள். பிரகாசம் டியூட்டி முடிந்து வந்து, மனுஷனுக்குக் காற்று கிடையாதா என்று சத்தம் போட்டார். பிள்ளை வேலை முடியட்டும் என்று அவள் வியர்வையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மகள் நினைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாதவர்கள்தான் இப்படி விழுந்து விழுந்து உபகாரம் செய்வார்கள்.

அந்த வாரம் முழுவதும் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காபி கொடுக்கும்போது சொல்லலாம், தலை பின்னும்போது சொல்லலாம். பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். லட்சக்கணக்கில் போகிற பீஸ் ஓடவில்லையா, நம் வீட்டில் மட்டுமா வெடித்துவிடும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று. பில் அடிக்கிற கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அவள் மகளுடையது பில் அடிக்கிற கம்ப்யூட்டர் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். கர்த்தரை இழுத்தது வீண்.

கெடுவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து டெல்பின் கடைசிப் பகுதியை ஓடவிட்டாள். நாயும் செக்யூரிட்டியும் குடையை மடக்கிவிட்டு வெயிலில் நடந்து போகிற இடம். அம்மா அடுப்படியில் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தாள். பட்டென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பிறகு மசாலா வாசனையைத் தாண்டி ஒரு நாற்றம் வந்தது. கருகிய பிளாஸ்டிக்கும் எரிந்த வார்னிஷும் கலந்த நாற்றம், குமிழில் திருகு அடிப்பதற்கு முன்னால் அவள் மேஜையில் தினமும் வந்த அதே நாற்றம். திரும்பிப் பார்க்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பெட்டி போகும்போது சும்மா போகவில்லை. நல்ல பெட்டியாக இருந்தால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்தப் பாதுகாப்புக்கான பாகங்கள் இதில் இல்லை, அந்த இடங்கள் பலகையில் வெறும் ஓட்டைகள். சாகும்போது கண்டபடி கரண்டை அனுப்பி, கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. படம் மொத்தமும் அந்த டிஸ்க்கில் இருந்தது. முதல் பாதியின் பழைய நகல் ஒன்று பென் டிரைவில் மிஞ்சியது. மறுநாள் டெல்பின் ஸ்டுடியோவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். எதிரில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, அடுத்த வருடம் ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று சொன்னாள்.

டெல்பின் அழவில்லை. அழுதிருந்தால் ஜெபசீலிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று மாலை திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தி உட்கார்ந்து பெட்டியைக் கழற்றினாள். வெளியே வந்து, இதை வாரண்டியில் கம்பெனிக்கு அனுப்பப் போகிறேன் என்றாள். கையோடு நானே கொண்டுபோகிறேன் என்று ஜெபசீலி அவசரமாகச் சொன்னாள்.

“வேணாம்மா. வெங்கடசாமி அங்கிள் கடை மூலமா முறையாவே போகட்டும். யாரோ ஒருத்தர் அனுப்புன மாதிரி. எப்படியும் உன் மேஜைக்குத்தான வரும், நீயே பாத்து என்ன கோளாறுன்னு சொல்லு.”

வந்தது. திரும்பி வருகிற பீஸ்களைப் பிரித்துப் பார்ப்பதும் ஜெபசீலியின் வேலைதான். அதற்கு ஒரு நடைமுறை உண்டு. உள்ளே கருகியிருந்தால் கஸ்டமர் ஓவர்லோடு செய்திருக்கிறார் என்று சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டினால் வாரண்டி கிடையாது. கருகாமல் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே பச்சை ஒட்டிய கையே சிவப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் யாரோ பெற்ற பிள்ளைகள் எந்த எந்த ஊரிலோ தன் மேல்தான் தப்பு என்று அந்தச் சிவப்பைப் பார்த்து நம்பியிருப்பார்கள். அதைப் பற்றி அவள் இதுவரை நினைத்ததில்லை.

தங்கக் காகிதப் பசையையும் தன்னுடைய ‘ஜெ’யையும் பார்த்ததும் அது எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரிந்தது. பெட்டியைத் தூக்கினாள், லேசாக இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. அடியில் இரண்டு திருகு ஓட்டைகள் இருந்தன, இரும்புத் துண்டு இல்லை. அவள் ஒரு கணம் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். லைனில் யாரோ இந்தப் பெட்டிக்குத் துண்டு வைக்க மறந்துவிட்டிருக்கிறார்கள். நல்ல வேளை, மகள் திறந்திருந்தாலும் அதைப் பார்த்திருக்க மாட்டாள். கடையில் வைத்து மகள் இதே பெட்டியைக் கனமாக இருக்கிறது என்று சொன்னது அந்த நேரத்தில் அவள் நினைப்பில் எட்டவில்லை. தப்பித்தோம் என்கிற ஆளுக்கு எதுதான் எட்டும்.

பிரதாப் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சீலிக்கா, கார்டு கீர்டு போட்டு எரிச்சிட்டாங்களா? செவப்பு ஒட்டிடுங்க.”

என் பிள்ளையோடது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரதாப் ஒன்றும் கெட்ட மனிதரில்லை, அதே டப்பாவில் புதிதாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார். ஜெபசீலி சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, பச்சையின் மேலேயே சரியாகப் பொருத்தி ஒட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் டெல்பின் இரவு ஷிப்டுக்கு யூனிபார்ம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பீஸ் வந்ததா என்று அவளே கேட்டாள். வந்தது என்று சொல்லி, ஜெபசீலி குழம்பை ஊற்றினாள்.

“ஓவர்லோடுட்டி. பீஸ்ல ஒண்ணும் தப்பு இல்ல. அந்தக் கார்டு ரொம்ப இழுத்திருக்கு, நாம போட்டிருக்கக் கூடாது.”

“உள்ள தொறந்து பாத்தியாம்மா?”

“பாத்தேன்.”

“எல்லாம் சரியா இருந்துச்சா? எதுவும் கொறையலையே?”

“எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நீ சாப்பிடு.”

டெல்பின் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள். பையைத் திறந்து, நாலு விரல் அகலத்தில் ஓரம் பிசிறடித்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு திருகுகளையும் அதன் மேல் வைத்தாள்.

ஜெபசீலிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கழற்றியது, முறையாகப் போகட்டும் என்றது, நீயே பார்த்துச் சொல்லு என்றது. பிள்ளை அம்மாவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. லோடு ஏற்றிப் பார்த்திருக்கிறது, முழு லோடு. அம்மா தாங்கவில்லை.

“ஏட்டி, நான் என்ன சொல்ல வந்தேம்னா…” என்று தொடங்கினாள்.

பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்று பேசி வளர்ந்தவள் டெல்பின். அன்றைக்கு வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

“இத உங்க கம்பெனில குடுத்துருங்க. அவங்களோடது.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் சூளகிரி கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொப்பியும் முகமூடியும். இனி அந்த பஸ்தான் அவளுக்கு. ஜெபசீலி வாசலுக்கு வந்து நின்றாள், கூப்பிடவில்லை. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் டிபன் பையில் போட்டு அந்த இரும்புத் துண்டை லைனுக்குக் கொண்டுபோனாள். பிரதாப்பின் மேஜையில் வைத்துச் சத்தம் போட வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தாள். பிரதாப், வாங்க சீலிக்கா, பெங்களூருக்கு இன்றைக்கு அர்ஜண்ட் லோடு, சீக்கிரம் உட்காருங்க என்றார். அவள் போகிற போக்கில் துண்டை மற்றத் துண்டுகளோடு டிரேயில் போட்டாள்.

ஓரம் பிசிறடித்த அந்தத் துண்டை மதியத்துக்குள் யாரோ ஒரு பெட்டிக்குள் வைத்து முடுக்கினார்கள். எந்தப் பெட்டி என்று தெரியாது. வந்த பெட்டிகள் எல்லாவற்றையும் ஜெபசீலி கையில் தூக்கிப் பார்த்தாள். எல்லாமே கனமாக இருந்தன. குமிழைப் பாதி வரைக்கும் திருப்பி, பச்சை ஒட்டி, ‘ஜெ’ போட்டாள்.